நல்ல விதையைத் தேர்ந்தெடு... நல்ல டிரைவர் கிடைப்பார்! - வண்டி ஓட்டும் ‘பரிணாமக் கணக்கு’

கோவையிலிருந்து தொண்டாமுத்தூர் போகும் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு வேறு எந்த ஊர்ச் சாலையும் பெரிய விஷயமில்லை. தேங்காய் ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகும் டிராக்டர், திடீரென்று தோட்டத்துப் பாதையிலிருந்து திரும்பும் மொபெட், சைக்கிளில் மூன்று பேராகப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை என எல்லாம் உண்டு. மலையடிவாரத்தை நெருங்க நெருங்க, இருட்டிய பிறகு யானையும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் டவுன் பஸ் டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாதாரணமாக ஓட்டிவிடுகிறார். “அந்த வளைவில் ஸ்டீயரிங்கை எத்தனை டிகிரி திருப்பினீங்க?” என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. “கை தானா வருதுங்க” என்பார். அது உண்மையும்கூட.

ஆனால், இயந்திரத்திடம் ‘கை தானா வரும்’ என்று சொல்ல முடியாது. தானாக ஓடும் காராக இருந்தாலும் சரி, வயலில் மருந்து அடிக்கும் டிரோனாக இருந்தாலும் சரி... எவ்வளவு விலகினால் எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது பிரேக், எப்போது ஆக்சிலரேட்டர் என்று எல்லாவற்றையும் எண்களாகத்தான் கொடுத்தாக வேண்டும். அந்த எண்களை யார் கண்டுபிடிப்பது?

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த வழி. நல்லதைப் பொறுக்கி எடு, கலந்து விடு, விளைந்ததில் மறுபடி நல்லதைப் பொறுக்கி எடு! இதைத்தான் ‘எவல்யூஷனரி கம்ப்யூட்டிங்’ என்கிறார்கள். தமிழில் ‘பரிணாமக் கணிமை’.

கரும்பு சொன்ன பாடம்

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தொண்டாமுத்தூர் போகும் திசையிலேயே, வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. 1912-ல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் நம் தென்னாட்டுக் கரும்பு தடிமனாக, சாறு நிறைந்து இருக்கும். ஆனால், வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் காட்டுக் கரும்போ எதையும் தாங்கும். ஆனால், மென்றால் சக்கைதான், இனிப்பு இல்லை.

சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இந்த இரண்டையும் கலந்தார்கள். பிறந்த நாற்றுகளில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. அவற்றைக் கழித்தார்கள். ஒரு சில நாற்றுகளில் மட்டும் தாயின் இனிப்பும் காட்டின் உறுதியும் சேர்ந்து வந்திருந்தன. அப்படித் தேறி, 1918-ல் வெளியானதுதான் ‘கோ 205’ ரகம். ‘கோ’ என்றால் கோயமுத்தூர். வட இந்தியக் கரும்பு வயல்களின் தலையெழுத்தை மாற்றிய ரகம் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. மரபணு எதனால் ஆனது என்பதே அப்போது உலகுக்குத் தெரியாது. ஆனாலும் பயிர் கிடைத்தது. காரணம், ‘எது நல்லது’ என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஏன் நல்லது’ என்பது பிறகு தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

பகடை உருட்டிய மாணவர்கள்

1960-களில் ஜெர்மனியின் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெஹன்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வெஃபெல் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு விநோதமான சோதனை செய்தார்கள். ஆறு பட்டைகளை ஐந்து கீல்களால் இணைத்து ஒரு தகடு. ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் மடக்கலாம். காற்றுச் சுரங்கத்தில் வைத்தால் எந்த வடிவத்தில் காற்றின் தடை மிகக் குறைவாக இருக்கும்?

மொத்தம் 34 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் சாத்தியம். ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது. அவர்கள் கோணல்மாணலான வடிவத்தில் தொடங்கி, குருட்டாம்போக்கில் கீல்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினார்கள். தடை குறைந்தால் புதிய வடிவத்தை வைத்துக்கொள்வது, கூடினால் பழையதற்கே திரும்புவது. அவ்வளவுதான் விதி. சில நூறு முயற்சிகளில் தகடு தட்டையாக வந்து நின்றது. எதிர்பார்த்த சரியான விடை அதுதான். தகட்டுக்கு விடை தெரியாது, பகடைக்கும் தெரியாது. தேர்வு மட்டும் சரியாக நடந்தது.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலண்ட் இன்னொரு படி மேலே போனார். ஒரே ஒரு வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், ஒரு கூட்டத்தையே வளர்த்து, அவற்றுக்குள் கலப்பு நடத்தினால் என்ன என்று யோசித்தார். 1975-ல் அவர் எழுதிய புத்தகம்தான் ‘ஜெனிடிக் அல்காரிதம்’ எனும் மரபணு நெறிமுறைக்கு அடித்தளம் போட்டது.

கப்பல் மாலுமியும் மூன்று திருகாணிகளும்

சரி, இதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

1922-ல் நிகோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், கப்பலைத் தானாகச் செலுத்துவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் செய்த முதல் வேலை, அனுபவமுள்ள மாலுமிகள் சுக்கானை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்ததுதான். மாலுமி மூன்று விஷயங்களைப் பார்க்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

ஒன்று: இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம்? இரண்டு: இதுவரை ஒரே பக்கமாகவே எவ்வளவு நேரம் விலகிக்கொண்டிருக்கிறோம்? மூன்று: விலகல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது அல்லது குறைகிறது?

இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ‘பி.ஐ.டி. கன்ட்ரோலர்’ என்கிறார்கள். நிகழ்காலம், கடந்தகாலம், வருங்காலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். காரின் குரூஸ் கன்ட்ரோல், டிரோனின் சமநிலை, தொழிற்சாலை பாய்லரின் வெப்பநிலை என்று இன்றைக்கு எங்கும் இருப்பது இந்த மூன்று அம்சக் கணக்குதான்.

மூன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டும் என்பதற்கு மூன்று எண்கள். பழைய ரேடியோவில் இருக்கும் மூன்று திருகாணிகள் மாதிரி. முதல் திருகாணியை அதிகம் திருகினால், வண்டி குடித்தவர் ஓட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைபாயும். குறைத்தால் வளைவு முடிந்த பிறகுதான் திரும்பும். மூன்றாவதை அதிகம் திருகினால், சின்னக் குழிக்கெல்லாம் வண்டி பதறும்.

மூன்று திருகாணிக்கும் தலா 100 நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் சேர்க்கைகள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தால், ராப்பகலாக ஓட்டினாலும் 694 நாட்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம்!

ஐம்பது டிரைவர்கள், நாற்பது தலைமுறை

இங்கேதான் கரும்புப் பண்ணையின் வழி கைகொடுக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு சாலையையும் ஒரு வண்டியையும் உருவாக்குகிறார்கள். பிறகு 50 ‘டிரைவர்கள்’. ஒவ்வொரு டிரைவரும் வெறும் மூன்று எண்கள்தான். முதல் தலைமுறையில் அந்த எண்கள் குருட்டாம்போக்கில் வந்தவை. அதனால் முக்கால்வாசிப் பேர் முதல் வளைவிலேயே வயலுக்குள் இறங்கிவிடுவார்கள்.

பரவாயில்லை. எல்லோருக்கும் மார்க் போடப்படுகிறது. பாதையிலிருந்து எவ்வளவு விலகினார், எவ்வளவு குலுக்கினார், எத்தனை நேரம் எடுத்தார். நல்ல மார்க் வாங்கியவர்களுக்குத்தான் ‘பிள்ளை பெறும்’ வாய்ப்பு அதிகம்.

ஓர் உதாரணம். அப்பா டிரைவரின் எண்கள் 8, 1, 2. சட்டென்று திரும்புகிறார், ஆனால் அலைபாய்கிறார். அம்மா டிரைவரின் எண்கள் 3, 1, 7. அலைபாயவில்லை, ஆனால் மந்தம். இருவரையும் கலந்தால் ஒரு பிள்ளைக்கு 8, 1, 7 வரலாம். அப்பாவின் சுறுசுறுப்பு, அம்மாவின் நிதானம். இன்னொரு பிள்ளைக்கு 3, 1, 2 வரலாம். அது தேறாது, கழிந்துவிடும். எப்போதாவது ஓர் எண் தற்செயலாகக் கொஞ்சம் மாறும். 8, 1, 7 என்பது 8, 2, 7 ஆகலாம். இதுதான் ‘மியூட்டேஷன்’ எனும் திடீர் மாற்றம். யாரும் யோசிக்காத நல்ல குணம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

இப்படி 40 தலைமுறை. ஐம்பதை நாற்பதால் பெருக்கினால் 2,000 ஓட்டங்கள். நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் 33 மணி நேரத்தில் முடிந்துவிடும். கிடைப்பது உலகத்திலேயே மிகச் சிறந்த விடையாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால், நன்றாக ஓட்டக்கூடிய விடையாகப் பெரும்பாலும் இருக்கும். தரமான விதைக் கரும்பு தேடும் விவசாயியும் அதைத்தானே எதிர்பார்க்கிறார்?

பீளமேட்டிலிருந்து ஒரு புத்தகம்

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் கையில் எடுக்கும் பாடநூல்களில் ஒன்று கோவையில் எழுதப்பட்டது. பீளமேடு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த எஸ்.என்.சிவானந்தமும் எஸ்.என்.தீபாவும் எழுதிய மரபணு நெறிமுறை அறிமுக நூலை, 2008-ல் உலகப் புகழ்பெற்ற ஸ்பிரிங்கர் பதிப்பகம் வெளியிட்டது. தேர்வு, கலப்பு, திடீர் மாற்றம் என்று அடிப்படையிலிருந்து தொடங்கி, கம்ப்யூட்டரில் அதை எழுதுவது எப்படி என்பது வரை சொல்லும் புத்தகம். பறவைக் கூட்டத்தைப் பார்த்து உருவான முறை, எறும்புச் சாரையைப் பார்த்து உருவான முறை ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

வண்டி ஓட்டுவதில் இன்னொரு சிக்கல். வேகமும் வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும், உள்ளே இருக்கும் பாட்டிக்கு இடுப்பும் வலிக்கக் கூடாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இப்படி ஒன்றுக்கொன்று முரணான ஆசைகளை என்ன செய்வது?

இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு தீர்வு ஐ.ஐ.டி. கான்பூரில் பிறந்தது. கல்யாண்மோய் தேப் தலைமையில் நான்கு பேர் 2002-ல் வெளியிட்ட ‘என்.எஸ்.ஜி.ஏ.-2’ என்ற முறை, இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று. அந்த நால்வரில் ஒருவரின் பெயர் மெய்யறிவன்! இந்த முறை ஒரே ஒரு விடையைத் தராது. ‘வேகம் முக்கியமென்றால் இது, மைலேஜ் முக்கியமென்றால் இது, இரண்டும் நடுத்தரமாகப் போதுமென்றால் இது’ என்று ஒரு பட்டியலைத் தரும். எதை எடுப்பது என்பது மனிதர் வேலை. ஜவுளிக் கடையில் பத்துப் புடவையை விரித்துப் போட்டுவிட்டுக் கடைக்காரர் ஒதுங்கி நிற்பது போல.

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய பொன்னுத்துரை நாகரத்தினம் சுகந்தனும் இத்துறையில் உலகம் அறிந்த பெயர். உலகெங்கும் புதிது புதிதாக வரும் பரிணாம முறைகளை ஒரே மாதிரியான கடினக் கணக்குகளைக் கொடுத்து மோதவிடும் போட்டிகளை 2005 முதல் நடத்தியவர்களில் அவர் முக்கியமானவர். ‘என் முறைதான் உசத்தி’ என்று யாரும் சும்மா சொல்லிக்கொள்ள முடியாதபடி ஒரு பொதுத் தராசு வேண்டும் அல்லவா?

யாரும் சொல்லாமலே மெதுவாகப் போன வண்டி

1994-ல் டாரியோ ஃப்ளோரியானோ, ஃபிரான்செஸ்கோ மொன்டாடா என்ற ஆய்வாளர்கள் ‘கெபெரா’ என்ற உள்ளங்கை அளவு ரோபோ வண்டியை வைத்துச் செய்த சோதனை, இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. இரண்டு சக்கரம், வட்ட உடம்பு, ஒரு பக்கம் ஆறு சென்சார், மறுபக்கம் இரண்டு. ஒரு வளைந்த பாதையில் அதை விட்டார்கள். மார்க் போடும் விதி எளிமையானது. வேகமாகப் போ, நேராகப் போ, சுவரை விட்டு விலகியிரு.

முதல் தலைமுறைகள் சுவரில் முட்டின, ஒரே இடத்தில் சுற்றின. சில பத்துத் தலைமுறைகள் கழித்து, வண்டி முட்டாமல் பாதையைச் சுற்றிவரத் தொடங்கியது. ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். வட்டமான வண்டிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் விதியில் இல்லை. ஆனாலும் அதிக சென்சார் இருக்கும் பக்கத்தையே அது முன்பக்கமாக ஆக்கிக்கொண்டது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், வேகத்துக்கு மார்க் இருந்தும் அது தன் உச்ச வேகத்தில் ஓடவில்லை. சென்சார்கள் சுவரைப் பார்த்துச் சொல்வதற்குள் முட்டிவிடும் என்பதால், கண்ணுக்கு எட்டும் வேகத்திலேயே ஓடியது!

‘கண்ணு பார்க்கிற வேகத்துலதான் கால் போகணும்’ என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தரும் பாடம். அதை அந்தக் குட்டி வண்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முட்டி முட்டித் தெரிந்துகொண்டது.

பெரிய வண்டிகளுக்கும் இந்த வழி வந்துவிட்டது. ரயில் எந்த இடத்தில் இன்ஜின் விசையை நிறுத்திவிட்டு உருளும் வேகத்திலேயே போகலாம் என்பதைக் கண்டுபிடிக்க, 1997-லேயே சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மரபணு நெறிமுறையைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து டீசல் மிச்சம் பிடிக்கும் நம் ஊர் லாரி டிரைவரின் சாமர்த்தியம்தான் அது.

2019-ல் தானோட்டிக் கார் நிறுவனமான வேமோவும் டீப்மைண்டும் இதே கொள்கையில் ஒரு சோதனை செய்தன. சாலையில் நடப்பவர், சைக்கிள்காரர், பைக்காரரைக் கண்டுபிடிக்கும் பல ஏ.ஐ. மாதிரிகளை ஒரே சமயத்தில் பயிற்சியில் விட்டு, மந்தமானவற்றைக் கழித்து, நல்லவற்றின் நகலைச் சற்றே மாற்றி அந்த இடத்தில் வைத்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் ‘ஆள் இருக்கிறார்’ என்று சொல்லும் பொய் எச்சரிக்கை, கையால் திருகிச் சரிசெய்த மாதிரியை விட 24 சதவிகிதம் குறைந்தது. அதுவும் பாதி நேரத்தில், பாதிக் கணினிச் செலவில்.

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆரம்பத்தில் ஜெயிக்கிற ஒன்றையே எங்கும் நகலெடுத்தால் கூட்டம் முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடும், அதற்கு மேல் முன்னேற்றம் நின்றுவிடும். அதனால் கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே வளர்த்தார்கள். ஊர் முழுக்க ஒரே ரகத்தை நட்டால், ஒரு நோய் வந்தாலும் மொத்தமும் போய்விடும் என்று விவசாயிக்குச் சொல்லவா வேண்டும்?

மார்க்குக்காக ஏமாற்றும் ‘மாணவர்கள்’

எல்லாம் நல்லதுதானா? இல்லை. பரிணாமத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நீங்கள் மனதில் நினைத்ததை அது செய்யாது. நீங்கள் எதற்கு மார்க் போடுகிறீர்களோ அதை மட்டும்தான் செய்யும்.

அமெரிக்க ஆய்வாளர் கார்ல் சிம்ஸ், 1994-ல் கம்ப்யூட்டருக்குள் கட்டைகளால் ஆன உயிரினங்களைப் பரிணாமத்தில் வளர்த்தார். ‘வேகமாக நகர்பவருக்கு மார்க்’ என்றால் நடக்கவோ ஓடவோ கற்றுக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், சில உயிரினங்கள் பனைமரம் போல நெட்டையாக வளர்ந்து, அப்படியே தொப்பென்று கீழே விழுந்தன. விழும்போது வேகம் வந்தது, மார்க்கும் வந்தது. நடக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை! புரியாமல் மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனை நினைவுபடுத்துகிறதா?

இரண்டாவது பிரச்னை, திரையில் ஓட்டிய டிரைவர் தெருவில் திணறுவது. கம்ப்யூட்டர் சாலையில் மண் இல்லை, மழை இல்லை, தேய்ந்த டயர் இல்லை. அங்கே வளர்ந்த கன்ட்ரோலர், நிஜச் சாலையில் முதல் நாளே தடுமாறலாம். இதற்கு 1990-களிலேயே ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கம்ப்யூட்டர் சாலையிலேயே வேண்டுமென்றே கொஞ்சம் ‘இரைச்சலை’ச் சேர்ப்பது. சென்சார் சில நேரம் தவறாகச் சொல்லட்டும், சக்கரம் சில நேரம் வழுக்கட்டும். நிழலிலேயே வளர்ந்த நாற்றை நடுவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் வைத்துப் பழக்குவது போல.

தொண்டாமுத்தூர் பக்கத்துத் தோப்புக்கு மருந்து அடிக்க ஒரு டிரோன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் டேங்க் நிறைந்து கிளம்பும். அடிக்க அடிக்க எடை பத்து கிலோ வரை குறைந்துகொண்டே வரும். ஆடி மாதமென்றால் காற்று வேறு. நிறைந்த டேங்கில், காற்றில்லாத நேரத்தில் மட்டும் ‘பரீட்சை’ வைத்து வளர்த்த கன்ட்ரோலர் இங்கே தென்னை ஓலையில் போய் மாட்டும். பாதி டேங்க், காலி டேங்க், காற்று, புழுதி எல்லாவற்றிலும் பரீட்சை வைத்திருந்தால் தப்பிக்கும். பரீட்சை எவ்வளவு கடினமோ, தேறியவர் அவ்வளவு உறுதி.

மூன்றாவது பிரச்னை இன்னும் முக்கியமானது. மூன்று எண்கள் கொண்ட பி.ஐ.டி. கன்ட்ரோலரை ஒரு பொறியாளர் படித்துப் பார்த்து, இது ஏன் இப்படித் திரும்பியது என்று சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட செயற்கை நரம்பு வலையைப் பரிணாமத்தில் வளர்த்தால், அது ஏன் பிரேக் போடவில்லை என்று யாராலும் எளிதில் சொல்ல முடியாது. விபத்து நடந்த பிறகு ‘அது தானா வளர்ந்ததுங்க’ என்ற பதில் யாருக்கும் போதாது. அதனால்தான் உயிரோடு சம்பந்தப்பட்ட இடங்களில், கன்ட்ரோலரின் அமைப்பை மனிதர்கள் எழுதிவிட்டு, எண்களைத் திருகும் வேலையை மட்டும் பரிணாமத்திடம் விடுவது பாதுகாப்பான வழியாக இருக்கிறது.

மார்க் ஷீட்டில் யானைக்கு இடம் உண்டா?

2021 நவம்பர் 26-ம் தேதி இரவு, கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்துபோனதை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு மதுக்கரை வனச்சரகத்தில், ரயில் பாதை காட்டைக் கடக்கும் இடத்தில், 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்கள் அமைக்கப்பட்டன. சாதாரண கேமராவும், உடல் வெப்பத்தைப் பார்க்கும் கேமராவும் யானையைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏ.ஐ. கண்காணிப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அது பரிணாமக் கணக்கு இல்லை, வேறு வகை ஏ.ஐ. ஆனால், அந்தக் கோபுரங்கள் சொல்லும் ஒரு விஷயம் இங்கேயும் பொருந்தும்.

ஒரு ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரை நாளை யாராவது பரிணாமத்தில் வளர்த்தால், மார்க் ஷீட்டில் என்னவெல்லாம் எழுதுவார்கள்? நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? மின்சாரம் மிச்சமா? பயணிக்குக் குலுங்காமல் இருந்ததா? இந்த மூன்றை மட்டும் எழுதினால், ஐயாயிரம் தலைமுறை வளர்த்தாலும் அந்தக் கன்ட்ரோலர் யானைக்காக வேகத்தைக் குறைக்காது. அதற்குக் கல்நெஞ்சம் என்று அர்த்தமில்லை. யானை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ‘இந்த நான்கு கிலோமீட்டரில் இரவில் வேகம் கூடினால் மார்க் போய்விடும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், சில தலைமுறைகளில் அது பழகிக்கொள்ளும்.

தானோட்டிக் காருக்கும் இதே கதைதான். அகலமான நெடுஞ்சாலையை மட்டுமே பார்த்து எழுதிய மார்க் ஷீட்டில் சைக்கிளில் மூன்று பேராகப் போகும் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வைக்கோல் ஏற்றி, பின்விளக்கு மறைந்துபோன வண்டி இருக்காது. மாட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும் பாட்டியும் இருக்க மாட்டார். அவர்களை அந்தத் தாளில் எழுத வேண்டியது, அவர்களோடு ஒரே சாலையில் பயணிப்பவர்கள்தான்.

நல்ல வேளையாக, இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மரபணு நெறிமுறையின் அடிப்படையைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். ஒரு சாதாரண லேப்டாப் போதும். கோவையைச் சுற்றி இருக்கும் அத்தனை பொறியியல் கல்லூரிகளில், கம்ப்யூட்டருக்குள் ஒரு சாலை வரைந்து, ஐம்பது டிரைவர்களை விட்டுப் பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகூட ஒரு விடுமுறையில் முயன்று பார்க்கலாம்.

அப்படி முயலும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்களும் உதவ முடியும். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சாலையில் எதற்கெல்லாம் பிரேக் போட வேண்டும் என்று நாற்பது வருடமாக ஓட்டிப் பழகியவர், தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எண்களைப் பரிணாமம் கண்டுபிடித்துக்கொள்ளும். எது முக்கியம் என்பதை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது.